வலி நின்ற காலை

கும்மிடிப்பூண்டியில் அதற்குக் கேஸ் மாத்திரை என்றுதான் பெயர். சீட்டில் பேன்டோபிரசோல் என்று எழுதியிருக்கும்; மருந்துக்கடையில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தொழிற்பேட்டைக்குக் காலைப் பணிக்குப் போகிறவர்கள் டீயையும் பன்னையும் முடித்துவிட்டு, அதன் மேல் ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அதன் பலன் குறைந்துவிடும். வயிற்றின் சுவரில் அமிலம் சுரக்கும் இடங்கள் சாப்பாடு வந்ததும்தான் முழுவதுமாக விழித்துக்கொள்ளும். அவை விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். உடைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது. மேலே இருக்கும் மஞ்சள் பூச்சுதான் மாத்திரையை வயிற்றின் அமிலத்தில் அழியவிடாமல் குடல்வரை கொண்டுபோகிறது. இத்தனை வருட வார்டு வேலையில் இதை ஒரே வாக்கியங்களில், ஒரே வரிசையில் சொல்லிவந்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் எதையாவது விட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

அந்த வீட்டுக்கு நான் தினமும் காலையில் போகத் தொடங்கியது இந்த மாத்திரைக்காகத்தான்.

அந்த வீட்டுக்காரர் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர். ஊரில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. இரும்புக் கம்பெனியில் உலைப் பக்கம் வேலையும் இருந்தது. தோள்வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கி, வயிற்றில் புண் வந்து எங்கள் சிறிய மருத்துவமனையில் சில நாட்கள் படுத்திருந்தார். சென்னைக்குப் போய்க் குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடுங்கள் என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அறுவடை முடியட்டும் என்று சொல்லி இவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் மனைவி வந்தாள். மணவாள நகரில் பிறந்து வளர்ந்தவள். இங்கே கட்டிக்கொடுத்துப் பல வருடங்கள் ஆகியும் அவள் பேச்சில் மட்டும் அந்த ஊர்க்காரியின் வேகம் மாறவில்லை. ஒரே மகள் அவளுடைய தாய்வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அவரு என் கையால மாத்திர வாங்க மாட்டன்றாரு," என்றாள். "நீங்க இந்த வழியாத்தானே டூட்டிக்கு வர்றீங்க? ஒரு நிமிசம் நின்னு உங்க கையால குடுத்துட்டுப் போங்க. புண்ணியமாப் போவும்."

"உன் கையில என்னம்மா வந்தது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். "நான் இடுமருந்து வெச்சுட்டேனாம்."

ஆந்திர எல்லைப் பக்கம் போகும் சாலையில் மதில்களில் எழுதியிருப்பார்கள், 'இடுமருந்து எடுக்கப்படும்' என்று, கீழே ஒரு கைபேசி எண்ணோடு. ஒருவரைத் தன் வசப்படுத்தவோ, உருக்குலைக்கவோ யாரோ எதையோ சோற்றில் கலந்து கொடுத்துவிட்டார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்ற நம்பிக்கை. பசி இருக்காது, நெஞ்சு எரியும், உடம்பு இளைக்கும், மேல்வயிற்றில் ஓர் இடத்தில் மட்டும் விரலால் தொட்டுக் காட்டும்படி வலிக்கும். இந்த அறிகுறிகளை யார் சொன்னாலும் எனக்கு அல்சர் என்று கேட்கும். அவர் அக்காவுக்கு வேறு விதமாகக் கேட்டது. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கியவர் அந்த அக்கா. தம்பிமேல் உயிரையே வைத்திருந்தார்.

நான் போனேன். வயலும் கம்பெனி மதிலும் சேரும் இடத்தில் வீடு. கொல்லையில் காயப்போட்ட வெள்ளைத் துணியைக்கூட மாலைக்குள் பழுப்பாக்கிவிடும் தூசி அங்கே காற்றில் எப்போதும் இருக்கும். கூடத்தில் அவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது. நாற்காலி அடுப்படியைப் பார்த்திருந்தது. அவர் கண் என்மேலோ தொலைக்காட்சிமேலோ நிற்கவில்லை. அடுப்படியில் வேலை செய்யும் மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதற்குப் பழகியிருந்தாள். இரண்டு கைகளும் எப்போதும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டாள். உப்பு எடுத்தால் ஜாடியைக் கொஞ்சம் கூடம் பக்கமாகச் சாய்த்து எடுத்தாள். முந்தானையில் கை துடைக்க மாட்டாள். துடைத்தால் கை ஒரு கணம் மறைந்துவிடும்.

யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு குரல்கூட உயரவில்லை. அந்த அமைதியில் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் என் கையிலிருந்து வாங்கி விழுங்கினார். விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். இப்படியே தினமும் நடந்தது. வலி மாத்திரைகளை எடுத்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினார். ராத்திரியில் வலித்து எழுந்திருப்பது குறைந்தது என்றார். இன்னும் சில வாரம் விடாமல் போட்டால் புண் ஆறிவிடும், மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மட்டும் மோசம் என்று அக்காவிடமும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் அக்கா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"நாளைலருந்து நாலு நாளு வர வாணாம் சிஸ்டர். குலதெய்வம் கோயிலுக்குப் போறோம்."

"மாத்திரையைக் கையில கொடுத்துவிடறேன். காலையில எழுந்ததும்…"

"நான் பாத்துக்கிறேன். என் தம்பிதானே," என்று பட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோயிலுக்குப் போகவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடுமருந்து எடுப்பதற்கு முன் வயிற்றில் வேறு மருந்து இருக்கக் கூடாதாம். அந்த நாலு நாளும் அவருக்கு மாத்திரை இல்லை. போதாததற்கு, தோள் வலிக்கிறது என்று அவர் கேட்டபோது அக்காவே கடையில் பழைய வலி மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது வயிற்று மருந்து இல்லையே, தோளுக்குத்தானே என்பது அவர் கணக்கு.

நாலு நாள் கழித்துப் போனேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், பாயில், அவர். அவருக்கு எதிரே ஓர் அம்மாள். இடுமருந்து எடுக்கிறவர் என்றால் என் மனதில் வேறு ஓர் உருவம் இருந்தது. இவருக்கு என் வயதுதான் இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒட்ட வெட்டிய நகங்கள். அவர் எழுந்து கொல்லைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளையெல்லாம் தேய்த்துக் கை கழுவினார். எங்களுக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்த அதே முறை. பிறகு வந்து உட்கார்ந்து அவரிடம் மெதுவாகப் பேசினார்.

"காரம் வாணாம் நைனா. டீ வாணாம். பீடி, சிகரெட்டு வாணாம். பட்டினி கெடக்க வாணாம்."

நான் சொல்லும் வாக்கியங்கள். நான் சொல்லும் வரிசை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்கு, என் குரல் எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

நான் வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஏதோ தழைச் சாற்றைக் கொடுத்து, மேல்வயிற்றைத் தடவி அழுத்தி, வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றில் அது இருந்தது. அக்கா தட்டைத் தூக்கிச் சுவரோரப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கோங்கடி. எவ்ளோ கறுப்பு. இத்த வயித்துல வெச்சுக்கினுதான் எந் தம்பி இத்தினி நாளு நடமாடிக்கினு இருந்தான்."

அவர் தட்டை என்னிடமும் நீட்டினார். நடுவில் சுண்டைக்காய் அளவில் ஏதோ மயிரும் மெழுகும் சேர்ந்த உருண்டை. அதைச் சுற்றி, தட்டு நிறைய, காபி வடித்த பிறகு ஃபில்டரின் அடியில் தங்கும் தூளைப் போன்ற கறுப்பு. அந்தத் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி. அதை ஒருமுறை நுகர்ந்த நர்ஸ் மறக்க மாட்டாள். வயிற்றில் கசிந்த ரத்தம் அமிலத்தில் கிடந்து வெந்தால் அந்த நிறம் வரும்.

நான் பாயில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முகத்தில் இத்தனை நாள் இருந்த சுருக்கம் போயிருந்தது. நாற்காலியைவிட்டு இறங்கி, பாயில், மனைவி பக்கம் பார்க்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"வலி போயிடுச்சு சிஸ்டர்," என்றார். "சுத்தமா இல்ல. பஞ்சு மாதிரி கீது உடம்பு."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அல்சர்காரருக்கு வலி படிப்படியாகக் குறைந்தால் நல்லது. ஒரே காலையில் அப்படியே நின்றுபோனால், சில சமயம் அதற்குக் காரணம் ரத்தம். புண்ணில் ரத்தக்குழாய் திறந்துகொண்டு, வயிற்றுக்குள் வழிகிற ரத்தம் அமிலத்தின் கூர்மையை மழுங்கடித்துவிடும். எரிச்சல் அடங்கும். நோயாளி தேறிவிட்டேன் என்பார். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே நிரம்பிக்கொண்டிருக்கும்.

குனிந்து அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்று, ஈரமாக இருந்தது. நாடி மெலிந்து ஓடியது, பிடித்தால் நழுவும் மீன் குஞ்சு போல. உதட்டில் நிறம் இல்லை.

"தண்ணி குடு அக்கா," என்றார். "தாகமாவே கீது."

"குடிப்பா நைனா, குடி. உள்ள கழுவி உட்டுக்கினு வரட்டும்." அக்கா சொம்போடு ஓடினார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றேன். "உள்ளே ரத்தம் கசியுது."

அக்கா நின்றார். "வலியே இல்லன்னு அவன் வாயால சொல்றான். உனக்கு இன்னா சிஸ்டர் பேஜாரு?"

"வலி இல்லைங்கறதுதான் பயமா இருக்கு."

அதைக் கேட்டு ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "வலிச்சாலும் ஆஸ்பத்திரி, வலிக்காட்டியும் ஆஸ்பத்திரின்னா எப்பதான் ஊட்ல இருக்கறது?"

"ஊசி போட்டா மறுபடி வயித்துல ஏறிக்கும்," என்றார் அக்கா. "அம்மா சொல்லிகீறாங்க. ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாது."

அந்த அம்மாளைத் தேடினேன். கூடத்தில் இல்லை. கொல்லையில் மறுபடியும் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, பையை எடுத்துக்கொண்டு, தாம்பாளத்தில் வைத்திருந்த வெற்றிலை பாக்கையும் பணத்தையும் தொடாமல் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார்.

என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"நம்மளுது அவ்ளோ கறுப்பா வராது சிஸ்டர்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. உருண்டை அவர் கொண்டுவந்தது. அந்தக் கறுப்பு அவர் கொண்டுவந்ததல்ல.

"இதையே உள்ளே வந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

"சொன்னா இத்தினி வருசம் நான் எடுத்ததெல்லாம் இன்னான்னு கேப்பாங்க." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "சீக்கிரம் இட்டுக்கினு போங்க." ஸ்கூட்டர் வரப்பு ஓரமாகப் போய்க் கம்பெனி மதில் திரும்பும் இடத்தில் மறைந்தது.

எங்கள் டாக்டருக்கு அங்கிருந்தே பேசினேன். இங்கே கொண்டுவந்து நேரத்தை வீணாக்காதே, நேராகச் சென்னைக்குக் கொண்டுபோ, நான் பேசி வைக்கிறேன் என்றார். பக்கத்து வீட்டில் கார் இருந்தது. அதன் சொந்தக்காரரும் வருகிறேன் என்றார். வர வேண்டிய ஆள்தான் பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை கெஞ்சினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார், நான்தான் நோயாளி என்பது போல. பேச்சு லேசாகக் குழறத் தொடங்கியிருந்தது.

அடுப்படியில் மனைவி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இப்போது அவற்றை யாரும் பார்க்கவில்லை.

"நிஜமாவா சிஸ்டர்? வலி போனது நல்லதில்லையா?"

"நல்லதில்ல. உள்ளே ரத்தம் போகுது. இப்படியே விட்டா சாயங்காலம் வரைக்கும்கூட தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"குழாய் விட்டு, ரத்தம் வர்ற இடத்தைப் பார்த்து அடைச்சிருவாங்க. ரத்தம் ஏத்துவாங்க. இந்த மாத்திரையையே ஊசியா, விடாம ஏத்துவாங்க. பொழைச்சுக்குவார்."

"குழாய் உட்டு," என்று திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு நேராகக் கூடத்துக்கு நடந்தாள்.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்றும் தெரியாது.

"அக்கா," என்றாள் நாத்தனாரிடம். "நான்தான் வெச்சேன்."

எதை என்று யாரும் கேட்கவில்லை.

"கத்திரிக்கா கொழம்புல வெச்சேன். மணவாள நகர்லருந்து வாங்கியாந்தேன். கசப்பு தெரியாம இருக்க வெல்லம் வெச்சு அரைச்சேன். அம்மியில இல்ல, டம்ளர் அடியால நசுக்கினேன், சத்தம் கேக்காம இருக்க. ரெண்டு பொட்டலம். இப்போ வந்தது ஒண்ணு. இன்னொண்ணு உள்ள கீது. அது கையால தடவுனா வராது. குழாய் உட்டுத்தான் எடுக்கணும்."

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு நான் மாத்திரைகளை விளக்குவது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல், வரிசையாகச் சொன்னாள். எங்கும் தயங்கவில்லை. அந்த டம்ளர் எங்கிருந்து வந்தது, அந்த வெல்லம் எங்கிருந்து வந்தது என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் என் எதிரே தரையைப் பார்த்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருத்தியால் இவ்வளவு செய்துவிட முடியுமா?

அக்கா அவளை அறைந்தார். ஒரே ஒரு அறை. அவள் கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை.

அவர்தான் என்னைக் கலங்க வைத்தார். மனைவியைப் பார்த்த அந்த முகத்தில் கோபம் இல்லை. வெகுகாலம் காத்திருந்து பஸ் வந்துவிட்டவரின் முகம்.

"அந்தக் கொழம்பு இனிச்சுது," என்றார். "அன்னிக்கே இனிச்சுதுக்கா. நான் சொல்லல?"

"சொன்ன நைனா," என்று அக்கா அழுதார். "சொன்ன, சொன்ன."

அவராகவே எழுந்தார். இன்னொன்றையும் எடுத்துவிடுவோம் என்றார். கார் கதவருகில் கால் மடிந்து என்மேல் சாய்ந்தார். நானும் அக்காவும் அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். கால்களை என் மடிமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். மனைவியை வண்டியில் ஏறவிடவில்லை. வண்டி கிளம்பியபோது அவள் கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தட்டைக் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன்.

சென்னையில் அவரை மேசையில் ஏற்றும்போது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது. குடலின் தொடக்கத்தில் ஒரு புண், அதன் நடுவில் திறந்த ரத்தக்குழாய். சின்ன உலோகக் கவ்வி போட்டு அடைத்தார்கள். ரத்தம் ஏறியது, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிழைத்தார்.

நினைவு நன்றாகத் திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"வந்துடுச்சா சிஸ்டர்?"

"இப்ப உள்ளே ஒண்ணும் இல்ல," என்றேன். அது உண்மைதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிருமிக்கும் சேர்த்துப் பல மாத்திரைகள் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் ஒரு கிருமி குடியிருந்து புண்ணை ஆறவிடாமல் செய்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. இந்தமுறை அக்கா எதையும் விடவில்லை. சாப்பாட்டுக்கு முன், பின் என்று நான் பிரித்துச் சொன்னபடி வேளை தவறாமல் கொடுத்தார். ஒன்றைக் குழாய் எடுத்தது, மிச்சம் மீதியை மாத்திரை கரைக்கும் என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துக்கொண்டார். நான் திருத்தப் போகவில்லை. மாத்திரை உள்ளே போனால் சரி. அவர் உடம்பு தேறியது. மறுபடி வேலைக்குப் போனார்.

மனைவியை அவர்கள் துரத்தவில்லை. அவளாகவே ஒப்புக்கொண்டாளே என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்களாம். அடுப்படிக்குள் மட்டும் வரக் கூடாது. தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. மாடு, துணி, கொல்லை அவளுடையது. கூடத்தில் அவருடைய நாற்காலி இப்போது தொலைக்காட்சியைப் பார்த்திருந்தது.

அவரைப் பார்க்கப் போன ஒருநாள், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெலிந்திருந்தாள்.

"இப்பத்தான் அவர் நல்லாயிட்டாரே. நான் கூட நிக்கறேன். உண்மையைச் சொல்லிடு."

"சொல்லிட்டேன் சிஸ்டர். அவரு ஊட்டுக்கு வந்த வாரமே சொன்னேன். அப்போ பயத்துல உண்மைய சொல்லிட்ட, இப்போ தப்பிக்கப் பொய் சொல்றன்னுட்டாங்க." துணியைப் பிழிந்தாள். "அதுக்கில்ல. எனக்கே இப்போ…"

பிழிந்த துணியை வாளியில் போட்டாள்.

"எனக்கு ஞாபகம் வருது சிஸ்டர்."

"எது?"

"டம்ளரு. அந்த டம்ளர் அடியில ஒரு நசுங்கல் கீது, அதுல வெல்லம் ஒட்டிக்கினு இருந்தது. சுரண்டி எடுத்தேன். அன்னிக்கு நான் அத்த சொல்லல. அப்பறந்தான் ஞாபகம் வந்துது."

"நீ சொன்னதையே நினைச்சு நினைச்சு அப்படித் தோணுது. நீ எதையும் வைக்கல."

"எனக்குந் தெரியும், வெக்கல." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவரும் இனிச்சுதுன்னு சொன்னாரே. நான் சொல்றதுக்கு முன்னாலயே அவரு நாக்குக்குத் தெரிஞ்சுகீதே. வெல்லம் போடாம எப்பிடி இனிக்கும்?"

அவர் எப்போது சொன்னார், அவள் சொன்ன பிறகுதானே சொன்னார் என்று நான் வரிசைப்படுத்தி எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். என் வாக்கியங்கள் அவளைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டே சொன்னேன். கம்பெனித் தூசி, அவள் பிழிந்து போட்ட துணிகள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"மணவாள நகருக்குப் போய்க் கொஞ்ச நாள் இரேன். பொண்ணோட இருந்த மாதிரி இருக்கும்."

"அங்க போனா அதுக்கு நான்தானே இந்தக் கையால சோறு போடணும்," என்றாள்.

எங்கள் டாக்டரிடம் சொன்னேன். மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார். நானே கூட்டிப்போகிறேன் என்று சீட்டோடு போய் நின்றேன்.

"அங்க போய் இன்னா செய்யணும்?"

"பேசணும். மனசுல இருக்கறதைச் சொல்லணும்."

"பேசித்தானே சிஸ்டர் இப்பிடி ஆச்சு," என்று சிரித்தாள். சீட்டை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. இரண்டு முறை தேதி மாற்றி வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறையும் வாங்குவேன்.

சென்ற மாதம் அவளாகவே என்னைத் தெருவில் நிறுத்தினாள். நெஞ்சு எரிகிறது என்றாள். மேல்வயிற்றில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. புண் வராமல் என்ன செய்யும். டாக்டரிடம் காட்டினோம். அவள் புருஷனுக்கு எழுதிய அதே கேஸ் மாத்திரையை எழுதினார். மலம் கறுத்தால் உடனே வரச் சொன்னார். மறுநாள் காலை, டூட்டிக்குப் போகும் வழியில், பட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகப் போனேன். வழக்கமான வாக்கியங்களைச் சொன்னேன். வெறும் வயிற்றில், அரைமணி முன்னால், உடைக்காமல், கடிக்காமல்.

மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி நீட்டினேன். அவளும் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் என்பது போல. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீங்களே வாயில போட்டுடுங்க சிஸ்டர். இந்தக் கை படக் கூடாது."

போட்டேன். தண்ணீரையும் நானே ஊற்றினேன். விழுங்கினாள்.

தினமும் போகிறேன். நான் கொல்லைப் படலைத் திறக்கும்போதே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள்.